சிறியதும் தற்காலிகமானதும்

அந்த நாற்காலியைச் செய்தவனுக்கு மனுஷ ஜென்மத்தையே பிடிக்காது என்று தையல்நாயகி முடிவு கட்டிவிட்டாள். மூன்று இருக்கைகளை ஒரே இரும்புச் சட்டத்தில் முடுக்கி வைத்திருந்தான், ஒருத்தர் அசைந்தால் மூன்று பேரும் அசைய வேண்டும், பக்கத்து இருக்கைக்காரன் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததில் அவள் இடுப்பும் அவன் முழங்காலோடு போய் வந்துகொண்டிருந்தது. அறுபது வயசில் முன்பின் தெரியாத ஒருத்தன் ஆட்டி வைக்க உட்கார்ந்திருக்கும் கேவலம். காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு வேளை வந்து, போயும் விட்டது. உள்ளே யாரோ சாம்பார் சாதம் தின்கிற வாசனை கதவிடுக்கு வழியாக வந்ததே தவிர, கூப்பிடுகிற குரல் வரவில்லை. வராது. அவளுக்குத் தெரியாதா? முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரப் பதிவு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவள். வந்தவனை எவ்வளவு நேரம் வேகவைத்தால் என்ன பதத்துக்கு வருவான் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். முதலில் முறுக்காக இருப்பான், சட்டம் பேசுவான். அப்புறம் கடிகாரத்தைப் பார்ப்பான். அப்புறம் பியூனைப் பார்த்துச் சிரிப்பான். பியூனைப் பார்த்துச் சிரித்துவிட்டானா, வெந்துவிட்டான், இறக்கிவிடலாம். தான் இன்னும் சிரிக்கவில்லை என்பதை ஒருதரம் சரிபார்த்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவன் எப்போதோ சிரித்துவிட்டான், போதாததற்குப் பியூனின் முதுகுவலிக்கு என்ன ஆசனம் என்றும் சொல்லிக்கொடுத்தாயிற்று. பெயர் குமரகுருவாம். யோகா ஆசிரியராம். ஆறு கண்டங்களில் சிரசாசனம் செய்துவிட்டானாம், பாக்கி இருப்பது அண்டார்டிகா மட்டும்தானாம். கேட்காமலேயே போனை நீட்டிக் காட்டினான். பாலைவனத்தில் அவன் பாதங்கள், பனிமலையில் அவன் பாதங்கள், ஏதோ ஒரு பெரிய அருவிக்கு முன்னால் அவன் பாதங்கள். உலகம் முழுக்கச் சுற்றி ஒருத்தன் கண்ணால் கண்டது தன் தலைமாட்டுத் தரையைத்தான். "உலக சமாதானத்துக்கும்மா," என்றான். தலைகீழாக நின்றால் எப்படி சமாதானம் வரும் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் விளக்குவான். "நீங்க எதுக்கும்மா அங்க?" என்று அவன் கேட்டதற்கு, "சும்மாத்தான்," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சும்மாத்தான் என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது என்பதுதான் சிக்கல். நோக்கம் என்று ஒரு கட்டம் போட்டிருந்தார்கள், அதைக் காலியாக விட்டிருந்தாள், மற்ற எல்லாவற்றையும் அச்சுப்போல நிரப்பியிருந்தாள். கப்பல் கம்பெனிக்காரன் அண்டார்டிகா கரைவரைக்கும் கூட்டிக்கொண்டு போவான், கரையில் இறங்கி பென்குயினோடு போட்டோ எடுத்துக்கொள்ள அவனே அனுமதி வாங்கித் தருவான், ஆனால் நீலப்பாறைப் பள்ளத்தாக்குக்குள் கால் வைக்க வேண்டுமானால் அனுமதி கொடுக்கிற இந்தக் குழுவிடம்தான் வர வேண்டும், ஏனென்றால் அது பாதுகாக்கப்பட்ட இடம், ஏதோ பறவை முட்டையிடுகிறதாம். அதற்காக எத்தனை கேள்வி! சட்டைப் பையைத் திருப்பி உதறினீர்களா, காலணியின் ஒட்டுப்பட்டையில் விதை ஏதும் சிக்கியிருக்கிறதா, கோழி சம்பந்தப்பட்ட உணவு கொண்டுவருவீர்களா, இறகுத் தலையணை உண்டா. சிறுநீரைப் புட்டியில் பிடித்துத் திரும்பக் கொண்டுவரச் சம்மதமா என்று ஒரு கேள்வி. ஆம் என்று டிக் போட்டாள். டிக் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள், இதை எழுதியவன் எந்த மூஞ்சியோடு எழுதியிருப்பான், எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளையோடு சாப்பிட்டிருப்பானா. அதற்கெல்லாம் சிகரம் தாக்கம் என்கிற பகுதி. தங்கள் வருகையால் அவ்விடத்துக்கு ஏற்படும் தாக்கம் எத்தகையது? ஒன்று, சிறியதும் தற்காலிகமானதுமானதை விடக் குறைவு. இரண்டு, சிறியதும் தற்காலிகமானதும். மூன்று, அதைவிட அதிகம். இந்த மூன்றையும் வாய்விட்டு வாசித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு தாளை நீட்டியிருக்கலாமே, பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு, பஜ்ஜித் தட்டோடு. பரமானந்தம், டீசல் மெக்கானிக், வயது இருபத்தெட்டு, தங்கள் வருகையால் இந்தப் பெண்ணுக்கு ஏற்படும் தாக்கம் எத்தகையது? அந்த மனுஷன் இரண்டாவதைத்தான் டிக் போட்டிருப்பான். அப்படித்தானே இருந்துவிட்டுப் போனான், வீட்டில் விருந்தாளி மாதிரி, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, எதிலும் கைரேகை படாமல்.

அண்டார்டிகாவுக்கு மூன்று தடவை போனான். முதல் தடவை அரசாங்கத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக் கேட்கிறார்கள் என்று ஒரு தாளைக் காட்டி, போகட்டுமா என்று கேட்டான். இரண்டாவது தடவை போகிறேன் என்றான். மூன்றாவது தடவை பெட்டி கூடத்தில் இருந்தது, அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பூங்கோதைக்கு அப்போது ஒன்பது வயசு, அப்பா ஐஸ் ஊருக்குப் போறாரு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பூங்கோதை இப்போது புனேயில் இருந்துகொண்டு போனில் அழுகிறாள், "அம்மா, அப்பாவை நீ எவ்வளவு நேசிச்சிருக்கே, இந்த வயசுல அங்க போகணும்னு தோணுதே உனக்கு," என்று. படித்த பெண், பெரிய வேலை, இருந்தும் மூளை மட்டும் சினிமாக் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. நேசமாம். நேசத்துக்காக ஒருத்தி சிறுநீரைப் புட்டியில் பிடிப்பாளா? அந்த மனுஷன் அதே பள்ளத்தாக்கில் பனிவண்டியோடு பனிப்பிளவுக்குள் போன செய்தி வந்தபோது அவள் ஆபீசில் இருந்தாள், ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் எதிரே இருந்தது, அண்ணன் தம்பி நாலு பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். போனை வைத்துவிட்டு அந்தப் பத்திரத்தை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். அதைச் சொல்லிச் சொல்லி மாமியார் வீட்டில் கல்நெஞ்சக்காரி என்றார்கள். சொல்லட்டும். எழுந்திருந்தால் அந்த நாலு பேரும் இன்னொரு நாள் வந்து முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும், இவர்கள் வைக்கும் ஒப்பாரி அதற்கு ஈடாகுமா. தேடினார்களாம். காற்று அடங்கினதும் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்களாம், ஆழம் தெரியவில்லையாம், நிறுத்திவிட்டார்களாம். ஒரு கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தில் பரமானந்தன் என்று ஒரு எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்தித் தரச் சொல்லி அவள் எழுதவில்லை, வாழ்நாள் முழுக்கப் பெயர்த் திருத்தம் செய்து கொடுத்தவள், இது ஒன்றாவது தப்பாகவே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் போன். அந்தப் போனுக்குப் போகக் கூடாது என்று காலையிலிருந்து மனசைப் பிடித்து வைத்திருந்தாள், அது மாட்டைப் போலக் கயிற்றை இழுத்துக்கொண்டு அங்கேயே போகிறது. வண்டி விழுவதற்கு முந்தின வாரம், செயற்கைக்கோள் போனில், ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்து மறுவார்த்தை வருவதற்குள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசி, ஒரே சமயத்தில் நிறுத்தி, அந்த அவஸ்தைக்கு நடுவில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றாள், பூங்கோதைக்குக் கண்ணாடி போட வேண்டுமாம் என்றாள், அவன் சரி சரி என்றான். கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம், "தையல், இங்க நல்லா இருக்கு," என்றான். அவ்வளவுதான், லைன் போய்விட்டது. நல்லா இருக்கு. பதினாறு வருஷம் அவள் கைச் சோற்றைத் தின்றவன், ஒரு ரசத்தை, ஒரு கறிக்குழம்பை, தீபாவளிக்கு அவள் எடுத்த ஒரு சட்டையை, பெற்றுக்கொடுத்த பெண்ணை, நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. கேட்டால், "ம்" என்பான். கேட்கக் கேட்க அந்த ம்மும் தேய்ந்து தலையாட்டலாகிவிட்டது. அவன் வாயில் அந்த வார்த்தையே கிடையாது போலிருக்கிறது, சிலருக்கு ழகரம் வராத மாதிரி, என்றுதான் அவள் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். வார்த்தை இருந்திருக்கிறது. பத்திரமாக மடித்து வைத்திருந்து, அவ்வளவு தூரம் கொண்டுபோய், புல் பூண்டு இல்லாத ஒரு பள்ளத்தாக்கின் காலடியில் வைத்திருக்கிறான். என்ன இருக்கிறது அங்கே? படங்களை எல்லாம் பார்த்தாள், ஓய்வு பெற்றதிலிருந்து அதுதான் வேலை. கல். கல்லுக்கு மேல் பனி. பனிக்கு மேல் வானம், அதுவும் வெளுத்துப்போன வானம். வெள்ளையடிக்க ஆள் விட்டுப் பாதியில் நிறுத்தின சுவர் மாதிரி. இதற்கா? சுற்றிச் சுற்றி இதே இடத்தில் வந்து இடித்துக்கொள்கிறது மனசு, இதற்கா, இதற்கா, என்று. எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தாள். தண்ணீரில் பிளாஸ்டிக் வாசம். திரும்பி வந்து உட்கார்ந்தாள், இருக்கை ஆடியது.

பயம் ஒன்றும் இருந்தது. அதை அவள் பயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டாள், வயிற்றுக் கோளாறு என்பாள். பனியில் எதுவும் அழுகாது என்று எங்கோ படித்திருந்தாள். அப்படியானால் அந்த மனுஷன் நாற்பத்து நாலு வயசிலேயே கிடப்பான், முன்மண்டையில் கொஞ்சம் ஏறின வழுக்கையோடு, அதற்கு மேல் ஒரு முடிகூட உதிராமல். இவள் போய் அந்தப் பிளவின் விளிம்பில் நிற்கிறாள், முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, பல் கட்டிக்கொண்டு. யாராவது பார்த்தால் தாய் மகனைத் தேடி வந்திருக்கிறாள் என்பார்கள். இதைவிட அவமானம் உண்டா, பெண்டாட்டியைக் கிழவியாக்கிவிட்டுத் தான் மட்டும் அப்படியே இருப்பது, எவ்வளவு பெரிய சுயநலம். அதைவிடவும் ஒன்று உண்டு, அதன் பக்கம் மனசு போனதும் உடனே திரும்பிவிடும்: அங்கே போய் நின்று, நிமிர்ந்து பார்த்து, அது உண்மையிலேயே நல்லா இருந்துவிட்டால்? இத்தனை வருஷமாக வளர்த்து வைத்திருக்கும் இந்த வெறுப்பைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது? அங்கே எதையும் கொட்டக் கூடாது என்று வேறு போட்டிருக்கிறார்கள். கதவு திறந்தது. எப்போது உள்ளே போனான் என்று அவள் கவனிக்காத குமரகுரு வெளியே வந்தான், முகம் முழுக்கப் பல். "கிடைச்சிடுச்சும்மா! கரையில தலைகீழா நிக்கலாம்னுட்டாங்க. தலைவர் எவ்வளவு தங்கமான மனுஷர், கழுத்து வலிக்கு என்ன பண்ணலாம்னு என்கிட்டயே கேட்டாரு!" என்று அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பியூனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, படியிறங்கிப் போய்விட்டான். தங்கமான மனுஷர். தலைகீழாக நிற்பவனுக்கு ஒரே நாளில் கதவு திறக்கிறது. "தையல்நாயகி யாரு?" என்று பியூன் கேட்டான், அந்த நடையில் அவள் ஒருத்தி மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெரிந்தும்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர் சதானந்தன், எங்கோ பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றும் முதுகுக்குப் பின்னால் துண்டு போட்ட நாற்காலியை விட முடியாதவர். இடப்பக்கம் பிரிவு அலுவலர் வேதமூர்த்தி, கோப்புகளுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார். வலப்பக்கம் டாக்டர் நூருன்னிஸா, பறவை ஆராய்ச்சிக்காரி, பூங்கோதை வயசுதான் இருக்கும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. தலைவர் மட்டும் பாதி எழுந்த மாதிரி பாவனை செய்தார். "வாங்கம்மா, உட்காருங்க. உங்க ஃபைல் முழுக்கப் படிச்சேன். மனசு கனத்துப்போச்சு." தையல்நாயகி அந்தக் கோப்பைப் பார்த்தாள். கட்டின நாடா கட்டினபடி இருந்தது, முடிச்சில் தூசிகூடக் கலையவில்லை. எப்பேர்ப்பட்ட படிப்பு. முடிச்சு அவிழ்க்காமலே கனக்கிற மனசு.

"நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை விட்டுட்டீங்க," என்றார் வேதமூர்த்தி.

"எதுவும் பொருந்தலை. அதான் விட்டுட்டேன்."

"அதுக்கென்ன, அஞ்சலின்னு போட்டுடலாம்," என்றார் தலைவர். கையை விரித்தார். "வீரமரணம் அடைஞ்ச கணவருக்கு மனைவியின் அஞ்சலி. நான் என் அதிகாரத்துல சிறப்பு அனுமதி தர்றேன். ரெண்டு பத்திரிகைக்காரங்களை வரச் சொல்லி ஒரு சின்ன போட்டோ எடுத்துக்கலாம். நம்ம குழு இதயம் இருக்கிற குழுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

வீரமரணம். ஸ்பேனரோடு போனவனுக்கு வீரமரணம். இந்த ஆளுக்கு ஒரு விதவை கிடைத்துவிட்டாள், அவளை நடுவில் நிறுத்திப் பக்கத்தில் தான் நிற்கிற படம் இப்போதே இவர் கண்ணில் ஓடுகிறது, எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்பதுவரைக்கும். இவரைப் போலப் பத்து பேரைப் பார்த்திருக்கிறாள், ஆகஸ்ட் பதினைந்துக்கு மிட்டாய் கொடுக்கும்போது குழந்தையைப் பார்க்காமல் கேமராவைப் பார்ப்பார்கள். வாங்கிக்கொள் என்றது மனசின் ஒரு பக்கம், வேண்டியது அனுமதிதானே, எந்தக் கையிலிருந்து வந்தால் என்ன. வாய் வேறு சொல்லியது. "நான் அஞ்சலி செலுத்தப் போகலை."

"பின்னே?"

"பாக்கப் போறேன். அந்த இடம் நல்லா இருக்குன்னு அவரு சொன்னாரு. பாத்துட்டு, இவ்வளவுதானான்னு கேட்டுட்டு வரணும். அவ்வளவுதான் நோக்கம். அதுக்கு உங்ககிட்ட கட்டம் இருக்கா?"

நூருன்னிஸா முதல் தடவையாக நிமிர்ந்தாள். தலைவர் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து, "துக்கம், பாவம், அப்படித்தான் பேச வைக்கும்," என்று வேதமூர்த்தியிடம் சொன்னார், தையல்நாயகி அந்த அறையிலேயே இல்லாத மாதிரி.

"சார், இதுல சிறப்பு அனுமதிக்கே இடமில்லை," என்றாள் நூருன்னிஸா. குரல் சின்னதுதான், வழுக்காத குரல். பிறகு தையல்நாயகியைப் பார்த்தே பேசினாள். "அம்மா, உங்களுக்குத் தர முடியாது. அங்க கல்லிடுக்குல பறவைங்க கூடு வச்சிருக்கு. ஒரு தடவை மிரண்டா முட்டையை விட்டுட்டுப் போயிடும், அந்த வருஷம் முழுக்கத் திரும்பாது. நானே போன வருஷம் உள்ள போக மனு போட்டேன். வெளிய இருந்தே எண்ணிக்க முடியும்கிறப்ப உள்ள எதுக்குன்னு யோசிச்சு, நானே வாபஸ் வாங்கிட்டேன்."

தையல்நாயகிக்கு சுள்ளென்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. முடியாது என்ற சொல்லை, காரணத்தோடு, முகத்தைப் பார்த்து, யாராவது சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. ஆனால் சண்டைக்காரி சண்டையை விடுவாளா. "சரி," என்றாள். "உங்க விதி எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். ஒரு தீக்குச்சி கொண்டுபோனாலும் திருப்பிக் கொண்டு வரணும்னு இருக்கு. மூத்திரத்தைக்கூட விட்டுட்டு வரக் கூடாதுன்னு இருக்கு. என் வீட்டுக்காரரை விட்டுட்டு வந்திருக்கீங்களே? அவரு எந்த அனுமதியில அங்க இருக்காரு?"

தலைவர் தண்ணீர் தம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தார். இதோ இந்த நிமிஷம், இதற்காகத்தான் ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்தோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வேதமூர்த்திதான் தொண்டையைச் செருமினார். மனுஷன் நல்லவர், அது தெரிந்தது, நல்லவர்கள்தான் இப்படிப்பட்ட யோசனைகளோடு வருவார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, கண்கள் மின்ன, "அம்மா, நீங்க சொன்னதுலயே வழி இருக்கு," என்றார். "உள்ள போக மூணு காரணத்துக்குத்தான் அனுமதி. ஆராய்ச்சி, பராமரிப்பு, மூணாவது, முந்தைய பயணங்களில் விடப்பட்ட கழிவுகளை அகற்றுதல். அந்தத் தலைப்புல போட்டா யாரும் மறுக்க முடியாது. பறவை கூடு கட்டாத காலமாப் பாத்து, கூட ஒரு குழுவையே அனுப்பணும், அது சட்டம். ஒரு கையெழுத்து போதும்." விண்ணப்பத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பேனாவையும் திறந்து வைத்தார்.

கழிவு. அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். எத்தனை பேர் சொத்தை ஒரு சொல்லில் மாற்றி எழுதியிருக்கிறாள், நஞ்சை என்பதைப் புஞ்சை என்று, வாரிசு என்பதை வாரிசில்லை என்று. சொல்தானே. உதவாக்கரை என்று அவனைச் சொன்னதில்லையா, வீட்டில் கிடக்கிற பழைய இரும்பு என்று, பூங்கோதை எதிரிலேயே. பரமானந்தம், கழிவு, ஒன்று. எழுதினால் கப்பல். எழுதினால் கயிறு கட்டி இறங்குவார்கள், மேலே கொண்டுவருவார்கள், சாக்கில் கட்டி, சீட்டு ஒட்டி, எடை போட்டு. அந்த நாற்பத்து நாலு வயசு வழுக்கை. கை, எழுதிப் பழகின கை, தானாகத் தாளின்மேல் போயிற்று, போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது, அது அழுகை இல்லை, அவளுக்கு நன்றாகப் பழக்கமான பழைய அருவருப்புதான், ஆனால் இத்தனை வருஷம் போன திசையில் போகாமல் மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"நான் சொல்லலாம்," என்றாள், பேனாவை மூடி வைத்தபடி. "கழிவு, குப்பை, உதவாக்கரைன்னு என்ன வேணா நான் சொல்லலாம். நான் குடித்தனம் பண்ணினவ. நீங்க சொல்லக் கூடாது."

வேதமூர்த்தி முகம் சுருங்கிப்போய், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஒரு வழிக்காகத்தான்..." என்றார். தலைவர், மறுபடி அஞ்சலிக்கே வந்துவிடலாம் என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. நூருன்னிஸாவின் பக்கம் திரும்பினாள். "நிராகரிப்புன்னு எழுது. நீ சொன்ன காரணத்தை அப்படியே எழுது. அது என்ன அப்படிப்பட்ட பறவை? அதையாவது சொல்லு, எதுக்காக நான் போகலைன்னு எனக்குத் தெரியட்டும்."

"வெள்ளையா, புறா அளவுதான் இருக்கும்மா. கண்ணு மட்டும் கறுப்பு. ஜோடி மாறாது. வருஷா வருஷம் அதே இடுக்குக்குத்தான் வரும்." நூருன்னிஸா கொஞ்சம் தயங்கினாள். "பாக்க அழகு. ஆனா ரொம்பப் பொல்லாதது. யாராவது கிட்டப் போனா மூஞ்சியைப் பாத்துத் துப்பும்."

"துப்புமா?"

"வயித்துல இருந்து ஒரு எண்ணெயை எடுத்துத் துப்பும். அழுகின மீனெண்ணெய் மாதிரி நாத்தம். எத்தனை தடவை துவைச்சாலும் துணியை விட்டுப் போகாது. என் கோட்டு ஒண்ணு அப்படித்தான் போச்சு. வீட்டுக்குள்ளயே சேர்க்கலை எங்கம்மா."

கோட்டு என்றதும் தையல்நாயகிக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது அந்த மனுஷன் போட்டிருந்த ஆரஞ்சு நிறக் கோட்டு. வாசலில் நிற்கும்போதே அது குப்பென்று அடித்தது, அவள் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, குளிச்சு எத்தனை மாசமாச்சு, மாட்டுக் கொட்டகையில படுத்தியா என்று கத்தினாள், தெருவே கேட்க. அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு பறவை துப்பிருச்சு," என்றான். இவன்மேல் பறவை துப்பியதாம். பொய் சொல்லக்கூடத் துப்பில்லை என்று சொல்லி அந்தக் கோட்டைக் குச்சியால் தூக்கி மொட்டைமாடியில் எறிந்தாள், மறுநாளே பாத்திரக்காரனிடம் கொடுக்கப் போனாள், அவனும் வாங்க மாட்டேன் என்றுவிட்டான். கடைசியில் எரித்தார்கள். எரியும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள், என்ன செத்துக் கிடக்கிறது என்று. அவன் கொல்லையில் நின்று அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான், வாயில் லேசாகச் சிரிப்பு மாதிரி ஒன்று. அவ்வளவு தூரம் போய், கண் மட்டும் கறுப்பாக இருக்கிற அந்த அழகியைக் குனிந்து பார்த்திருக்கிறான், நல்லா இருக்கே என்று. அது சரியாக மூஞ்சியைப் பார்த்து, வயிற்றிலிருந்து எடுத்து. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் மேசை, தண்ணீர் தம்ளர் சத்தம் போட ஆரம்பித்தது, தலைவர் பயந்துபோய் பியூனைக் கூப்பிட மணியைத் தட்டினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "அழாதீங்கம்மா," என்றார் வேதமூர்த்தி. இந்த மனுஷருக்கு அழுகைக்கும் சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அந்த நிமிஷத்தில் அவளுக்குமே அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

"எவனையும் உள்ள விடாதே," என்று நூருன்னிஸாவிடம் சொன்னாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "பெரிய மனுஷன் வருவான், போட்டோ எடுக்கிறேன்னு வருவான். விடாதே."

"உங்களையும்தான்மா," என்றாள் நூருன்னிஸா. அவள் சிரிக்கவில்லை.

"என்னையும்தான்."

நிராகரிப்பைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கதவைத் தாண்டி, பியூனைத் தாண்டி, லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படிக்கட்டில் இறங்கினாள், முழங்கால் வலித்தது, கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக. பாதிப் படியில் நின்றாள். எதிரே கோப்போடு ஏறி வந்த ஒரு பெண், இந்த அம்மா யாரிடம் பேசுகிறாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"சரிய்யா," என்றாள் தையல்நாயகி, "குளிச்சிட்டுத்தான் வந்தே."